3 மாதத்துக்குள் இபுபுரூஃபன் கூடாது என்கிறார்கள், ஐ.சி.யு.வில் மட்டும் கொடுக்கிறார்களே?

கேள்வி — ஜூன் 3, 2025

என் தங்கைக்கு 28 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1 கிலோ, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. "இதயத்துப் பக்கத்தில் ஒரு குழாய் மூடவில்லை, இபுபுரூஃபன் கொடுக்கப் போகிறோம்" என்று கையெழுத்து கேட்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றுதான் எல்லா இடத்திலும் படித்திருக்கிறேன். மச்சான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெளியே உட்கார்ந்திருக்கிறார். யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 9.40

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி, நீங்கள் படித்தது உண்மை. மருத்துவர் சொல்வதும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

இந்த வகை வலி மருந்துகள் எல்லாம் உடம்பே தயாரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைக் குறைப்பவை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார், 1982-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பெரியவர்களுக்குப் புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் வலியும் வீக்கமும் குறையும். பிறந்த குழந்தைக்கோ அது சிறுநீரகத்துக்கு ரத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது, குடலின் உள்பக்கத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் குழாயையும் திறந்து வைத்திருக்கிறது. வீட்டில் கொடுத்தால் முதல் இரண்டும் கெடும். ஐ.சி.யு.வில் கொடுப்பது மூன்றாவதுக்காக, மற்ற இரண்டையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்துக்கொண்டு.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டீர்களா?" எக்கோ என்பது இதயத்துக்கான ஸ்கேன். ஏன் கேட்க வேண்டும் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை

எக்கோ விஷயம். வயிற்றில் இருக்கும்போது குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி ஒரு குறுக்குக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்குப் போய்விடும். இது இதயச் சுவரில் உள்ள ஓட்டை அல்ல, இரண்டு பெரிய ரத்தக் குழாய்களை இணைக்கும் பாலம். வார்டில் பி.டி.ஏ. என்போம். நிறைமாதக் குழந்தை பிறந்து மூச்சு விட ஆரம்பித்ததும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறும், நஞ்சுக்கொடியிலிருந்து வந்த புரோஸ்டாகிளாண்டின் நின்றுபோகும், இரண்டு மூன்று நாளில் பாலம் சுருங்கிவிடும். குறைமாதக் குழந்தையில் பல நேரம் சுருங்காது. ரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே பாயும். நுரையீரல் நனைந்து கனக்கும், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டியது குறையும்.

ஆனால் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதய அமைப்பு வேறு மாதிரி இருக்கும். அவர்கள் உயிர் அந்தப் பாலத்தை நம்பித்தான் இருக்கும். அதை மூடினால் குழந்தை போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்குத் திறந்தே வைத்திருக்க புரோஸ்டாகிளாண்டினையே சொட்டு சொட்டாக ஏற்றுவோம். ஒரே வார்டில் ஒரு பெட்டியில் மூடும் மருந்தும் பக்கத்துப் பெட்டியில் திறக்கும் மருந்தும் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எக்கோ பார்க்காமல் இந்த மருந்தைத் தொடக் கூடாது.

ஜூன் 4, மாலை

எக்கோ எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது, குழாய் பெரியதாக இருக்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது.

ஜூன் 4, இரவு 11.15

"என்ன பக்கவிளைவு வரும், ஒளிக்காமல் சொல்லுங்கள் சிஸ்டர்" என்று கேட்டவருக்கு.

முதலில் சிறுநீரகம். பிறந்த குழந்தையின் சிறுநீரகத்துக்கு ரத்த அழுத்தம் குறைவு. உள்ளே போகும் நுண்குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின்தான். வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வரும்போது வயலுக்குள் போகும் மடையை யாரோ முழுக்கத் திறந்து பிடித்திருப்பது போல. இந்த மருந்து அந்தக் கையை எடுத்துவிடுகிறது. சிறுநீர் குறையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும், உடம்பில் தண்ணீர் தங்கி சோடியம் இறங்கும். நல்ல செய்தி, பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து நின்ற சில நாட்களில் இது சரியாகிவிடும். கெட்ட செய்தி, கவனிக்காமல் அடுத்த டோஸைப் போட்டால் ஆகாது.

நாங்கள் செய்த வேலையெல்லாம் இதுதான்: ஒவ்வொரு நாப்கினையும் எடை போடுவது. காய்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராம் என்பது ஒரு மில்லி. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு மில்லிக்குக் கீழே போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். புதிதாக வரும் பெண்கள் "இத்தனை முக்கியமா சிஸ்டர்?" என்பார்கள். மருத்துவர் அடுத்த டோஸ் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது நீ எழுதும் அந்த எண்ணை வைத்துத்தான் என்பேன். நீங்களும் தினமும் கேளுங்கள்: "இன்றைக்கு யூரின் எவ்வளவு?" கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்தாலும் கேளுங்கள்.

இரண்டாவது குடல். அது நீளமாக எழுத வேண்டியது.

ஜூன் 5

குடல்.

பல வருடங்களுக்கு முன், ஒரு கிலோவுக்குக் குறைந்த ஒரு பெண் குழந்தை. அப்போது குழாயை மூட இண்டோமெதாசின்தான் கொடுத்தோம், இபுபுரூஃபன் ரகத்துப் பழைய மருந்து. காலை வரை வயிறு மெத்தென்று இருந்தது. மதியம் தொட்டபோது விறைப்பு, தொப்புளைச் சுற்றி நீலம் பாய்ந்த மாதிரி ஒரு நிறம். எக்ஸ்ரேயில் குடலுக்கு வெளியே காற்று. குடலில் துளை விழுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், குழந்தை பிழைத்தது, ஆனால் அந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை. அதற்கப்புறம் எந்த ஷிஃப்டிலும் வயிற்றின் சுற்றளவை அளக்காமல் நான் ஒப்படைத்ததில்லை.

இந்த ஆபத்து ஸ்டீராய்டு கூடவே சேரும்போது அதிகமாகிறது. 2001-ல் அமெரிக்காவில் 1 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பிறந்த உடனே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. டெக்ஸாமெதசோன் பெற்றவர்களில் 13 சதவீதத்துக்குக் குடல் துளை விழுந்தது, பெறாதவர்களில் 4 சதவீதம். இண்டோமெதாசினும் சேர்ந்து பெற்றவர்களில்தான் பிரச்சினை மோசமாக இருந்தது. மூன்று வருடம் கழித்து ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து நடந்த இன்னொரு ஆய்வும் இதே காரணத்தால் நின்றது. அதனால் உங்கள் இரண்டாவது கேள்வி: "ஸ்டீராய்டு ஏதாவது ஓடுகிறதா?"

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனவை. ரத்தத் தட்டுகளின் வேலை குறையும், ஆகவே ரத்தக் கசிவு இருந்தாலோ தட்டு எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலோ கொடுக்க மாட்டார்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிருபினை, ரத்தத்தில் அதைப் பிடித்து வைத்திருக்கும் ஆல்புமின் புரதத்திலிருந்து இபுபுரூஃபன் தள்ளிவிடக் கூடியது, எனவே மஞ்சள் காமாலை அதிகமாக இருக்கும் குழந்தைக்கு யோசிப்பார்கள். பிறந்து 6 மணி நேரத்துக்குள்ளேயே தடுப்பு மருந்தாகக் கொடுத்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் 3 குழந்தைகளுக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியது, அதையும் நடுவிலேயே நிறுத்தினார்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற கிருமிக்கான ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தால் அவை சிறுநீரில் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். அந்த ஊசிகளின் இடைவெளியை மாற்ற வேண்டியிருக்கும்.

ஜூன் 6

"இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் கண்டுபிடித்தார்கள்?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயம்தான், ஆனால் வரலாற்றைப் பாருங்கள். 1976 வரை இந்தக் குழாய் மூடாவிட்டால் நெஞ்சைத் திறந்து முடிச்சுப் போடுவது ஒன்றுதான் வழி. அந்த வருடம் இண்டோமெதாசினால் மூட முடிகிறது என்று இரண்டு குழுக்கள் ஒரே இதழில் எழுதின. ஒரு கிலோக் குழந்தையின் நெஞ்சில் கத்தி வைக்காமல் தப்பிக்கலாம் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்!

பிறகுதான் இபுபுரூஃபன். 2000-ல் 148 குழந்தைகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். மூடியது ஏறக்குறைய சமம், இபுபுரூஃபனில் 70 சதவீதம், இண்டோமெதாசினில் 66 சதவீதம். ஆனால் சிறுநீர் குறைந்தது இபுபுரூஃபனில் 5 பேருக்கு, இண்டோமெதாசினில் 14 பேருக்கு. எங்கள் வார்டில் மருந்து மாறியபோது நாப்கின் தராசிலேயே அந்த வித்தியாசம் தெரிந்தது.

ஜூன் 6, இரவு

முதல் நாள் எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். கையெழுத்துப் போடலாம் என்ற தொனி அதில் இருக்கிறது. இன்னொரு பக்கத்தையும் வைக்காவிட்டால் சரியாக இருக்காது.

குழாயை மூடுவது வேறு, குழந்தை நன்றாக வளர்வது வேறு. 2001-ல் 1 கிலோவுக்குட்பட்ட 1,202 குழந்தைகளுக்குத் தடுப்பாக இண்டோமெதாசின் கொடுத்துப் பார்த்தார்கள். மூடாத குழாய் 50 சதவீதத்திலிருந்து 24-ஆகக் குறைந்தது. மூளையில் பெரிய ரத்தக் கசிவும் 13-லிருந்து 9-ஆகக் குறைந்தது. ஆனால் 18 மாதத்தில் இறந்தவர்களையும் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இரண்டு பக்கமும் சமம், 47-க்கு 46.

அப்புறம் 2022 கடைசியில் நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் நாடுகளின் ஆய்வு வந்தது. 28 வாரத்துக்கு முன் பிறந்த 273 குழந்தைகள். ஒரு பாதிக்கு உடனே இபுபுரூஃபன், மறு பாதிக்குக் காத்திருத்தல். மரணம், குடல் அழற்சி, நாள்பட்ட நுரையீரல் நோய் மூன்றையும் சேர்த்தால் மருந்து பெற்றவர்களில் 63.5 சதவீதம், காத்திருந்தவர்களில் 46.3. பிரிட்டனில் 653 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வந்தது. அதிலும் முதல் 3 நாளில் மருந்து கொடுத்ததால் நுரையீரலுக்கோ உயிருக்கோ பலன் தெரியவில்லை.

ஆகவே "இப்போதே கொடுக்க வேண்டுமா, சில நாள் பார்க்கலாமா?" என்று கேட்பது எதிர்ப்பேச்சு அல்ல. இன்று உலகம் முழுக்கப் பச்சிளங்குழந்தை மருத்துவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. வென்டிலேட்டரை விட்டு வர முடியாமல் தவிக்கும் குழந்தைக்கு ஒரு பதில், நன்றாக மூச்சு விட்டுப் பால் ஏற்றுக்கொள்ளும் குழந்தைக்கு வேறு பதில். எந்தக் குழந்தை என்பது படுக்கைப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். நான் அங்கே இல்லை.

ஜூன் 7

பாராசிட்டமால் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அதையும் கொடுக்கிறார்கள். 2011-ல் இஸ்ரேல் மருத்துவர்கள் 5 குழந்தைகளில் தற்செயலாகக் கண்டது. சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் இதமானது. கல்லீரலைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் நரம்பு வழி இபுபுரூஃபன் எல்லா இடத்திலும் கிடைக்காததால் வாய்வழியாகத்தான் பலரும் கொடுக்கிறார்கள். குழாய் வழியாக வயிற்றுக்குள் மருந்து போவதைப் பார்த்து "இங்கே வசதி இல்லையோ" என்று பயப்பட வேண்டாம், வாய்வழியும் நன்றாகவே வேலை செய்கிறது.

ஜூன் 9

இரண்டு நாள் பார்க்காமல் இருந்தேன், பயமாக இருக்கிறது. ஒரு பாட்டி 20 நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பெரிய பேரனின் சிரப்பைக் கொடுத்திருக்கிறார். இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் கலந்தது. "அரை மூடிதான் கொடுத்தேன், இப்போது என்ன செய்ய?" என்று மகள் கேட்டிருக்கிறார்.

அம்மா, பாட்டிலோடு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்தக் காய்ச்சல். ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தாலே அது ரத்தத்தில் கிருமி என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை. மூன்று மாதம் வரைக்கும் இதே விதி. வீட்டில் எந்த மருந்தும் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கக் கூடாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது ஈரம் செய்தது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். பாட்டியைத் திட்ட வேண்டாம். அவர் நேரத்தைச் சரியாகச் சொன்னால்தான் மருத்துவருக்கு உதவி.

ஜூன் 9, இரவு

போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அட்மிட் செய்திருக்கிறார்கள். கண் ஈரமாகிறது.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். இபுபுரூஃபன் பெரியவர் உடம்பில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறைமாதக் குழந்தையின் உடம்பில் பாதியாக ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். "கொஞ்சம்தானே" என்ற கணக்கு இங்கே எடுபடாது. பாராசிட்டமாலிலும் ஒரு குழி உண்டு: டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100 மி.கி., சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி. சிரப்புக்குச் சொன்ன மில்லி அளவை டிராப்ஸில் ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். தடுப்பூசி போட்ட அன்று கொடுக்கச் சொன்னால் எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள்.

இதே வகை வலி மருந்தான நிமெசுலைடு வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள், 12 வயதுக்குக் கீழே இந்தியாவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள். வயிற்று வலிக்கு என்று கொடுக்கும் டைசைக்ளோமின் சொட்டு மருந்து வேறு ரகம், ஆனாலும் 6 மாதத்துக்குள் கூடாது, மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு.

ஜூன் 10

தைலம் பற்றி ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. ஊட்டிக்குப் போனால் நீலகிரித் தைலத்தோடு விண்டர்கிரீன் எண்ணெயும் வாங்கி வருகிறோம். அது கிட்டத்தட்ட முழுக்க மெதில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் சொந்தக்காரன். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் சுமார் 7 கிராம் ஆஸ்பிரின் விழுங்கியதற்குச் சமம். சளி என்று குழந்தை நெஞ்சில் தேய்ப்பதும், தேய்த்த கையாலேயே வாய் துடைப்பதும் வேண்டவே வேண்டாம். கற்பூரம் கலந்தவை வலிப்பை வரவழைக்கும். உரை மருந்து பற்றி நூறு பேர் நூறு சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதோடு நிறுத்துகிறேன்.

ஜூன் 12

கர்ப்பிணிகள் நிறையப் பேர் படிக்கிறீர்கள் என்று தெரிகிறது. இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் இதே வகை மருந்தான டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். 30 வாரத்துக்கு மேல் போட்டால் அந்தக் குழாய் வயிற்றுக்குள்ளேயே சுருங்கலாம், பிறந்த பிறகு நுரையீரல் அழுத்தம் இறங்காமல் குழந்தை நீலமாகலாம். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எல்லையை 20 வாரத்துக்குக் குறைத்தது. காரணம் திரும்பவும் சிறுநீரகம்தான். பனிக்குட நீர் என்பது பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர். சிறுநீர் குறைந்தால் நீர் வற்றும், சிலருக்கு 2 நாளிலேயே வற்றியிருக்கிறது. 1999-ல் லான்செட் இதழில் ஒரு குழந்தையைப் பற்றி வந்தது: பிரசவத்தைத் தள்ளிப்போட அம்மாவுக்கு நிமெசுலைடு கொடுத்தார்கள், குழந்தைக்குச் சிறுநீரகம் மீளவே இல்லை.

ஜூன் 12, ஒரு மணி நேரம் கழித்து

அவசரம். மேலே உள்ளதைப் படித்து ஒருவர் மருத்துவர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை நிறுத்திவிட்டேன் என்கிறார். நிறுத்தாதீர்கள்! ரத்த அழுத்தம் ஏறிக் குறைப்பிரசவம் ஆகாமல் காப்பதற்காகத் தரும் 75, 150 மி.கி. மாத்திரை அது. எஃப்.டி.ஏ. எச்சரிக்கையிலும் மருத்துவர் சொல்லித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கு விலக்கு உண்டு. இன்றைக்கே உங்கள் மருத்துவருக்குப் போன் செய்து, எத்தனை நாள் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். முதுகு வலிக்கு நீங்களாக வாங்கியது வேறு, இது வேறு.

ஜூன் 15

"அப்படியானால் பச்சைக் குழந்தைக்கு வலித்தால் என்னதான் செய்வது?" என்ற கேள்விதான் இந்த இழையில் எனக்குப் பிடித்தது. பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி மயக்க மருந்து போதாமல் அறுத்த காலம் ஒன்று இருந்தது. 1987-ல் ஆனந்த், ஹிக்கி இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அது மாறியது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு முன் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல், முடிந்தால் தாய்ப்பால் குடித்துக்கொண்டே ஊசி, அம்மாவின் நெஞ்சோடு வெறும் தோலில் சேர்த்து அணைத்துக்கொள்வது. இதெல்லாம் சடங்கு அல்ல, வலியைக் குறைப்பவை. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஃபென்டானில், மார்ஃபின், பாராசிட்டமால் எல்லாம் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துக்கொள்வார். இபுபுரூஃபனை வலிக்காக இந்த வயதில் யாரும் தொடுவதில்லை.

ஜூன் 19

சிசேரியன் ஆன அம்மாக்கள் இப்போது எதிர்ப்பக்கம் பயப்படுகிறீர்கள். தையல் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டாம். நீங்கள் சாப்பிடும் இபுபுரூஃபன் தாய்ப்பாலில் மிகமிகக் குறைவாகத்தான் வரும், பாராசிட்டமாலும் சரி. வலி இருந்தால் பால் இறங்காது, குழந்தையைத் தூக்கவும் முடியாது. மருத்துவர் கொடுத்ததைச் சாப்பிடுங்கள். வலிக்காக ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். குழந்தை குறைமாதமாக இருந்தால், அதற்கு ஏற்கெனவே சிறுநீரகத் தொந்தரவு இருந்தால், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று குழந்தை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 24

டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்க வேண்டியதை யாரோ கேட்டிருந்தார்கள். கடைசிக் கிரியாட்டினின் எவ்வளவு, கடைசி எக்கோவில் குழாய் மூடியதா, இல்லையென்றால் அடுத்த எக்கோ எப்போது. ஜென்டாமைசின் அல்லது அமிக்காசின் ஓடியிருந்தால் காது கேட்கும் சோதனை முடிந்ததா. மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகளின் சிறுநீரகம் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டே இருக்கும், ஆகவே பெரியவர்களான பிறகும் பரிசோதனையில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் எந்த மருந்து எத்தனை டோஸ் என்று எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் சரிபாருங்கள், இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள்.